ஒரு கரண்டி சோறு குறையட்டும், மீன் குழம்பு இருக்கட்டும்

இந்த முறை வந்திருப்பவை இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்க் கேள்விகள். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, நடுவில் தங்கள் உடம்பையும் கவனிக்க நினைக்கிறவர்கள் கேட்டவை. பதில் சொல்கிறவர்கள் ஓர் உணவியல் நிபுணரும் ஓர் இயன்முறை மருத்துவரும்.

கேள்வி: வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். எடை 74 கிலோ. தை பிறந்ததும் இரவுச் சோற்றை அடியோடு நிறுத்திச் சப்பாத்திக்கு மாறினேன். காலையில் ஒரு மணி நேரம் நடக்கவும் செய்தேன். கொஞ்ச நாளிலேயே எல்லாம் நின்றுபோனது. எடையும் குறையவில்லை. எங்கே தொடங்குவது? (தங்கச்சிமடம் வாசகி)

நின்றுபோனதில் ஆச்சரியம் இல்லை. தூக்கம், இரவுச் சாப்பாடு, உடலுழைப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறீர்கள். படகு கரை சேரும் நாளில் இருட்டோடு எழுந்திருக்கிற வீட்டில், இன்னும் ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

முதலில் சப்பாத்திக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 30 கிராம் மாவில் போடும் ஒரு சப்பாத்தி ஏறக்குறைய 100 கலோரி. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டால் இன்னும் 45 கூடும். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சேர்ந்தால் 600 கலோரியைத் தாண்டிவிடும். 200 மில்லி டம்ளரில் அழுத்தாமல் நிரப்பிய சோறு 150 கிராம் வரை நிற்கும், அது 200 கலோரிக்குப் பக்கம். அதாவது இரண்டு டம்ளர் சோற்றைவிட அந்தச் சப்பாத்திதான் கனம். அரிசியை விட்டுக் கோதுமைக்குப் போவதால் மட்டும் எடை குறையாது. அளவுதான் குறைய வேண்டும்.

ஆகவே சோற்றை நிறுத்த வேண்டாம், அளந்து பாருங்கள். நாளை மதியம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை, குழம்பு ஊற்றும் முன் டம்ளரில் அளங்கள். மூன்று டம்ளர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரண்டு வாரம் மதியம் மட்டும் ஒரு கரண்டி குறையுங்கள். அந்த இடத்தில் வெஞ்சனம் இரண்டு மடங்காகட்டும்: முருங்கைக்கீரை, புடலங்காய், அவரைக்காய், எது கிடைக்கிறதோ அது. மீன் குழம்பில் மீன் துண்டைக் குறைக்காதீர்கள். வயிறு நிரம்பின உணர்வு தருவதே மீனும் காயும்தான். காலை இட்லியையும் இரவுச் சாப்பாட்டையும் இந்த இரண்டு வாரம் தொடவே வேண்டாம். தட்டில் முதலில் காய், பிறகு மீன், கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் அந்த ஒரு கரண்டி குறைந்ததே தெரியாது.

இதில் தவறு நடக்கும் இடம் சாயங்காலம். மதியம் குறைத்தவர்களுக்கு நாலரை மணிக்குப் பசிக்கும். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் டீக்கடை வடையோ மிக்சரோதான். குறைத்த ஒரு கரண்டி சோற்றைவிட இரண்டு வடையில் கலோரி கூடுதல். அதனால் சோற்றைக் குறைக்கும் அன்றே சாயங்காலத்துக்கும் வழி செய்துவிடுங்கள். ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை, இல்லையென்றால் ஒரு கிண்ணம் தட்டைப்பயறு சுண்டல். தை, மாசியில் பனங்கிழங்கு ஒன்று. பனங்கிழங்கை அவித்துத் தும்பு உரித்து மென்று தின்னவே நேரம் பிடிக்கும், நார்ச்சத்தும் அதிகம். இந்தக் கடற்கரையில் அதைவிட நல்ல மாலைத் தீனி எங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 40 முதல் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் உச்சவரம்பே ஏறத்தாழ 50 கிராம்தான், 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. ஒரேயடியாகச் சர்க்கரை இல்லாத டீக்குத் தாவினால் நாலாம் நாள் திரும்பிவிடுவீர்கள். அரைத் தேக்கரண்டி குறையுங்கள், பத்து நாள் நாக்கு பழகட்டும், பிறகு இன்னொரு அரை.

நடைக்குத் தனியாக ஒரு மணி நேரம் தேட வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது பத்து நிமிடம் சுற்றுவழியில் வாருங்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தால் அரை மணிக்கொரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து தெருவில் பத்து நிமிடம். சேர்த்தால் நாளைக்கு இருபது நிமிட நடை, அதற்கு மேல் மெஷினை விட்டு எழுந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவை இரண்டு மாதத்தில் எட்டினால் போதும், முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலை வெறும் வயிற்றில் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைய ஆசைப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் டேப் இருக்கிறது, அது எடைக் கருவியைவிட நம்பகமானது. மூச்சை விட்ட நிலையில் தொப்புள் மட்டத்தில் அளங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: மீன் நல்லது என்கிறார்கள். எங்கள் வீட்டில் தினமும் மீன்தான், ஆனால் வறுத்தால்தான் பிள்ளைகள் தொடுகிறார்கள். மாமனார் தட்டில் கருவாடு இல்லாத நாள் இல்லை. இதில் எதை மாற்றுவது? (உச்சிப்புளி வாசகர்)

மீனை மாற்ற வேண்டாம், எண்ணெயை அளங்கள். ஒரு ஆளுக்கு மாதத்துக்கு அரை லிட்டர், அதுவும் நல்லெண்ணெய், கடலெண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து. நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். புதுப் பாக்கெட் உடைக்கும் நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள், மாதக் கடைசியில் உண்மை தெரிந்துவிடும். மூன்றரை லிட்டர் ஓடுகிற வீடு என்றால் அடுத்த மாதம் மூன்று, அதற்கடுத்த மாதம் இரண்டரை. நல்லெண்ணெய்தானே என்று தாராளமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு தேக்கரண்டிக்குக் கலோரி ஒரே அளவுதான்.

சூடை, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது, விலையும் குறைவு. சீலா வாங்கினால்தான் சத்து என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அரிசி மாவும் சோள மாவும் பூசி வாணலியில் முழுக விட்டால் அந்த மாவு எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சிய எண்ணெயை மறுநாள், அதற்கு மறுநாள் என்று திரும்பத் திரும்பக் காய்ச்சுவது இன்னும் மோசம்.

பிள்ளைகளுக்கு மொறுமொறுப்புதானே வேண்டும்? தோசைக்கல்லிலேயே வரும். கழுவிய மீனைப் பத்து நிமிடம் வடிகட்டியில் வைத்து, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். அதன் பிறகுதான் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மசாலா கெட்டியாகப் பிடிக்க வேண்டும், சொட்டக் கூடாது. அரை மணி நேரம் ஊறட்டும். இரும்புக் கல்லை நன்றாகக் காயவிட்டு, நாலு துண்டுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய். துண்டுகளை வைத்த பிறகு நாலைந்து நிமிடம் தொடாதீர்கள். ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருவதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: மீனில் ஈரம், கல் காயவில்லை, அவசரப்பட்டுத் திருப்பியது. எண்ணெய் குறைந்ததால்தான் ஒட்டியது என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அங்கேதான் பழைய பழக்கம் திரும்ப வரும். அடி சிவந்தால் துண்டு தானாகவே விடும். வாரத்தில் ஒரு நாள் வேண்டுமானால் வாணலியில் பொரியுங்கள், மற்ற நாள் கல்லும் குழம்பும்.

கருவாட்டுக்கு வருவோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐம்பது நாளாவது வர வேண்டும். மீன் கழுவ எடுக்கும் கல் உப்பைத் தனி டப்பாவில் வைத்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

மாமனாரிடம் கருவாட்டைப் பறித்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். தினமும் என்பதை வாரம் மூன்று, பிறகு ஒன்று என்று இறக்குங்கள். கருவாட்டை வெந்நீரில் பதினைந்து நிமிடம் போட்டு, தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் ஒரு முறை அப்படியே செய்யுங்கள். உப்பு முழுக்கப் போகாது, ஒரு பங்கு இறங்கும். கத்தரிக்காய், வாழைக்காய், மொச்சை என்று காய் கூடுதலாகவும் கருவாடு கொஞ்சமாகவும் போட்டுக் குழம்பு வையுங்கள், உப்பே சேர்க்காமல். கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்துத் தேவைப்பட்டால் சேர்க்கலாம், பெரும்பாலும் தேவைப்படாது. அன்றைக்கு ஊறுகாய் கிடையாது. அவருக்கு ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கருவாட்டை ருசிக்கு என்ற அளவோடு நிறுத்தச் சொல்லி மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மருமகன் சொல்வதைவிட எடுபடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். மீன் விலை ஏறும்போதுதான் கருவாடு தினசரியாகிறது. அந்த இரண்டு மாதமும் முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நாட்டுப்படகில் வரும் சின்ன மீன் என்று முன்கூட்டியே திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் துபாயில். நானும் பிள்ளைகளும் மாமியும் இருக்கிறோம். தினமும் வெளியே போய் நடப்பது எனக்குத் தோதுப்படாது. மொட்டை மாடி இருக்கிறது. முழங்கால் லேசாக வலிக்கிறது. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று மாமி சொல்கிறார்கள். (கீழக்கரை வாசகி)

மாமி சொல்வது பாதி சரி. கூட்டுவது, துடைப்பது, துணி அலசுவது எல்லாம் உட்கார்ந்தே இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் விட்டுவிட்டுச் செய்வதால் மூச்சு தொடர்ந்து வாங்காது. பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால்தான் நாங்கள் சொல்லும் நடை. அதோடு தொடைக்கும் இடுப்புக்கும் பலம் கூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். உங்கள் முழங்கால் வலிக்கு அதுவே பாதி மருந்து. தொடைத் தசை தளர்ந்திருந்தால் உடம்பின் பாரம் மூட்டின் மேல் அதிகம் இறங்கும்.

குக்கர் அடுப்பில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் அவசியம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வழுக்கும். விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, கை ஊன்றாமல் எழுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணி எழுவது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி உட்காருவது. எட்டுத் தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. உட்காரும்போது தொப்பென்று விழுந்தால் பயன் போய்விடும், வலியும் அதில்தான் வரும். பாதம் முன்னால் நீண்டிருந்தாலும், முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்தாலும் மூட்டு வலிக்கும். அப்போது நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவரில் கை ஊன்றி நெஞ்சைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளி வருவது, எட்டு. பிறகு சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, பன்னிரண்டு. இவ்வளவுதான். திங்கள், புதன், வெள்ளி போதும், மற்ற நாள் தசைக்கு ஓய்வு. இரண்டு வாரத்துக்கொரு முறை இரண்டிரண்டு எண்ணிக்கை கூட்டிப் பதினைந்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு எண்ணிக்கை வேண்டாம், கனம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருங்கள். பிள்ளையின் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டும் செய்யலாம். அதைப் பார்த்தால் பிள்ளைகளும் கூட வந்து நிற்பார்கள், அவர்களுக்கும் நாளைக்கு ஒரு மணி நேர ஓட்டம் ஆட்டம் தேவைதான்.

மாடியில் நடக்கும்போது ஒரே பக்கமாகச் சுற்றாதீர்கள். சின்ன இடத்தில் ஒரே பக்கம் திரும்பித் திரும்பி நடந்தால் ஒரு காலின் மூட்டும் கணுக்காலும் நோகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திசையை மாற்றுங்கள். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் வேண்டாம், மெத்தென்ற செருப்பாவது போடுங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். மூட்டு வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, மடங்க மறுத்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். சோற்றைக் குறைத்து நடக்கவும் ஆரம்பித்தேன். இரண்டு முறை கை நடுங்கி வியர்த்துவிட்டது. நிறுத்திவிடலாமா? (ஏர்வாடி வாசகர்)

நடையை நிறுத்த வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு குறைந்து உழைப்பு கூடும்போது ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இது அரிது. மருந்தின் அளவை மருத்துவர்தான் குறைக்க வேண்டும், நீங்களாகப் பாதியாக உடைத்துப் போடக் கூடாது.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நடக்கப் போகும்போது சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வெறும் வயிற்றில் நீண்ட நடை வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ இடது கைக்குப் பரவும் வலியோ வந்தால் அது வேறு விஷயம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். அதற்குள் பிள்ளைகள் கடையில் பத்து ரூபாய் பாக்கெட் வாங்கித் தின்றுவிடுகிறார்கள். இரவில் காய் என்றால் முகத்தைத் திருப்புகிறார்கள். (தேவிபட்டினம் வாசகி)

பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கடும் பசி. அந்த நேரத்தில் வீட்டில் என்ன கண்ணில் படுகிறதோ அதைத்தான் தின்னும். இரவே ஒரு டம்ளர் பயறை ஊறப்போட்டுக் காலையில் சோற்றுக் குக்கரிலேயே தனிக் கிண்ணத்தில் வேகவைத்துவிடுங்கள். ஆனால் இந்த ஊர் வெக்கையில் அவித்த பயறு வெளியே இருந்தால் மாலைக்குள் ஊசிப்போகும். குளிர்பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் வாழைப்பழம், வறுத்த நிலக்கடலை, பொரிகடலை, கருப்பட்டி சேர்த்த கேழ்வரகு உருண்டை. ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு முழுக் கடலை தராதீர்கள், புரையேறும். பொடித்துக் கொடுங்கள்.

பாக்கெட்டை ஒரேயடியாகத் தடை செய்தால் ஒளித்துத் தின்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் என்று நாளைக் குறித்துக் கொடுங்கள், எந்த நாள் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நூடுல்ஸ் செய்தால் மசாலாப் பொட்டலத்தில் பாதியைத் தூக்கிப் போடுங்கள், உப்பு பெரும்பாலும் அதற்குள்தான். ஒரு முட்டையும் ஒரு பிடி கேரட், பீன்ஸும் சேர்த்தால் அது ஒரு வேளைச் சாப்பாடாகிவிடும்.

காய் விஷயத்தில் பெற்றோர்கள் சீக்கிரம் தோற்றுப்போகிறார்கள். மூன்று முறை ஒதுக்கினால் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறோம். புதுக் காய் ஒன்று நாக்குக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு தேக்கரண்டி போதும். கெஞ்ச வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். காயைத் தின்றால் சாக்லேட் என்ற பேரம் கூடவே கூடாது, காய் ஒரு தண்டனை என்று அது சொல்லிக்கொடுத்துவிடும். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். அப்பா தட்டிலும் அதே காய் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா? எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. (சாயல்குடி வாசகி)

கூடாது. கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மணமும் ருசியும் உண்டு. ஆனால் பெரும்பங்கு சர்க்கரைதான், கலோரியும் கிட்டத்தட்ட அதேதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்று. வெள்ளைச் சர்க்கரை கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் உண்டு, தெரிந்த இடத்தில் வாங்குங்கள். பதநீர் எப்போதாவது ஒரு டம்ளர். நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம், மேல்தோலை உரிக்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்தும் சேரும்.

கேள்வி: கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பது சாலையில் நடப்பதைவிட நல்லதா? (மண்டபம் வாசகர்)

இளமணலில் கால் புதையும், அதனால் உழைப்பு கூடும். ஆனால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும், பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அலை நனைத்துக் கெட்டிப்பட்ட மணலில் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டிரண்டு நிமிடம் கூட்டுங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன வழியிலேயே திரும்பினால் இரண்டு காலுக்கும் சமமாகும். படகு கட்டும் இடங்களில் தூண்டில் முள்ளும் சிப்பியும் மீன் முள்ளும் கிடக்கும், அங்கே செருப்பு வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் எந்த மணலிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்பை மாட்டும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், வீடு திரும்பியதும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.